பருவத்தின் மேல் விழுந்த பழி: ‘சீசன் கிராக்கிங்’ என்னும் சொல்லின் வரலாறு

உலோகவியல் மாணவர்கள் அரிமானம் குறித்த பாடத்தில் தவறாமல் கேட்கும் கதை ஒன்று உண்டு. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் மழைக்காலம் தொடங்கினால் படை நடவடிக்கைகள் குறைந்துவிடும். அந்த மாதங்களில் தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் அடுக்கிவைப்பார்கள். மழை ஓய்ந்தபின் பெட்டிகளைத் திறந்தால் பல தோட்டாக்களின் பித்தளை உறைகள் வெடித்திருக்கும். குறிப்பாக, குண்டைக் கவ்விப் பிடித்திருக்கும் கழுத்துப் பகுதியில். எவரும் அவற்றைச் சுடவில்லை, அடிக்கவில்லை, கீழே போடவுமில்லை. வைத்த இடத்தில் இருந்தபடியே பிளந்திருந்தன. இவ்வகைப் பிளவுக்கு ஆங்கிலத்தில் ‘சீசன் கிராக்கிங்’ என்று பெயர் அமைந்தது.

நூறாண்டுக்கு மேலாகியும் அப்பெயர் பாடநூல்களில் இருக்கிறது. மழைக்காலத்தில் விழுந்த பிளவு, ஆகவே பருவத்தின் பெயர் என்பது அங்கே தரப்படும் விளக்கம். பெயரிடுதல் என்பது பெரும்பாலும் காரணம் கற்பித்தலும்கூட. இந்தப் பெயர் பிளவுக்குக் காரணமாக யாரைக் கைகாட்டியது, கைகாட்டப்பட வேண்டிய வேறு யாரை மறைத்தது என்பதே இப்பதிவின் கேள்வி. அதற்கு விடை காண, முதலில் தோட்டா எப்படிப் பித்தளையானது என்று பார்க்க வேண்டும்.

1. காகிதத்திலிருந்து பித்தளைக்கு

ஆங்கிலத்தின் ‘காட்ரிட்ஜ்’ பிரெஞ்சின் ‘கார்தூஷ்’ என்பதன் திரிபு. அதற்கு மூலமான இத்தாலியச் சொல் காகிதச் சுருளைக் குறித்தது. அதன் வேர் ‘கார்த்தா’, அதாவது காகிதம். இந்தியில் வழங்கும் ‘கார்தூஸ்’ இச்சொற்குடும்பத்தைச் சேர்ந்ததே. இன்றைய தோட்டாவில் காகிதமே இல்லை. இருப்பினும் சொல்லுக்குள் காகிதம் இருக்கிறது. பொருள் மாறிய பின்னும் பழைய பொருளைத் தன்னுள் பொதிந்துகொண்டு நடக்கும் சொற்களுக்கு இது நல்லதொரு சான்று.

அந்தக் காகிதச் சுருளின் வரலாற்றை இந்தியாவில் அறியாதார் இலர். 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கிக்கான தோட்டா, வெடிமருந்தும் குண்டும் வைத்துச் சுருட்டிக் கொழுப்பு பூசிய காகிதப் பொட்டலம். அதன் முனையைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில், ஆயுதக் கிடங்கைச் சேர்ந்த ஒரு கலாசி, கொழுப்பு எதிலிருந்து வந்தது என்று ஒரு பிராமணச் சிப்பாயிடம் சொன்னதாக ராணுவப் பதிவு கூறுகிறது. மே 10 அன்று மீரட்டில் கிளர்ச்சி வெடித்தது. அதன் காரணங்கள் பல. தோட்டா அவற்றுள் ஒன்று மட்டுமே. எனினும், கிடங்கில் பெட்டி தூக்கிய ஒரு தொழிலாளியின் பேச்சு ஆவணத்தில் ஏறிய அரிய தருணம் அது. இதனைப் பின்னர் நினைவுகூர வேண்டியிருக்கும்.

1866இல் பிரிட்டிஷ் படை ஸ்னைடர் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. வுல்விச் ஆயுதச் சாலையின் பாக்ஸர் அதற்கென வடிவமைத்த தோட்டா விரைவில் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்யப்படுவதாயிற்று. கடிக்க வேண்டியதில்லை, கொழுப்பை உதட்டில் படவிட வேண்டியதில்லை. 1857க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு ஒரு தலைமுறை பழைய ஆயுதமே தரப்பட்டதால், புதிய தோட்டா அவர்கள் கைக்கு வரக் காலம் பிடித்தது. சுருட்டிய தகட்டுக்கும் குறை இருந்தது. 1880களின் நடுவில் சூடான் போரில் சூட்டாலும் புழுதியாலும் உறைகள் துப்பாக்கிக்குள் சிக்கிக்கொண்டன. ஒரே பித்தளைத் துண்டிலிருந்து இழுத்துச் செய்த முழு உறை அதன்பின் நிலைபெற்றது. 1869இல் நிறுவப்பட்ட கட்கி தோட்டாத் தொழிற்சாலையும் டம்டம் தொழிற்சாலையும் இந்தியாவிலேயே தோட்டா செய்தன.

2. பித்தளையின் நினைவு

தோட்டாவுக்கான பித்தளை நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்தது. தகட்டிலிருந்து வட்டவில்லை வெட்டி, கிண்ணமாக அழுத்தி, அக்கிண்ணத்தை அச்சுகளின் வழியே படிப்படியாக இழுத்து நீட்டுவார்கள். ஒவ்வோர் இழுப்பிலும் பித்தளை விறைத்துக்கொள்ளும். விறைத்ததை மேலும் இழுத்தால் கிழியும். ஆகவே ஒவ்வோர் இழுப்புக்குப் பின்னும் உலையில் காய்ச்சி இளக்க வேண்டும். பட்டறையில் இதனை ‘அனீலிங்’ என்பார்கள்.

இந்த அறிவு தொழிற்சாலைக்கு மட்டும் உரியதன்று. அமிர்தசரஸ் மாவட்டத்து ஜண்டியாலா குருவில் பித்தளையும் செம்பும் அடித்துப் பாத்திரம் செய்யும் டட்டேரா சமூகத்தாரின் கைத்தொழிலை 2014இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கும் தகட்டைக் காய்ச்சுவதும் அடிப்பதும் மாறிமாறி நிகழ்கின்றன. நம் ஊர்ப் பாத்திரக் கடைத்தெருவில் குடத்துக்கு ஒடுக்கெடுப்பவரைக் கேட்டாலும் இதனையே சொல்வார்.

அடித்தோ இழுத்தோ வளைத்த பித்தளை வெளியே அமைதியாகத் தோன்றினாலும் உள்ளே அமைதியாக இருப்பதில்லை. ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கை இழுத்தபடி இருக்கும். புற விசை நீங்கிய பின்னும் உலோகத்துக்குள் தங்கிவிடும் இவ்விசையை எஞ்சிய தகைவு என்கிறோம். தனக்குச் செய்யப்பட்டதை உலோகம் நினைவில் வைத்திருக்கிறது என்று சொல்லலாம். காய்ச்சி இளக்குவது அந்நினைவை அழிக்கும் செயல்.

தோட்டா உறையில் இந்நினைவு மிகுதியாகத் தங்குமிடம் கழுத்து. அடிப்பகுதி அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் வேண்டுமென்றே விறைப்பாக விடப்படும். கழுத்தோ குண்டைப் பிடிக்கவும் விடவும் வளைந்துகொடுக்க வேண்டும். அகன்ற உறையின் வாயை அச்சில் அழுத்திக் குறுக்கினால் கழுத்து உருவாகும். குண்டைச் செருகும்போது அது மீண்டும் விரிந்து இறுகும். குண்டு நழுவாதிருக்க விளிம்பை மடித்து நெருக்கும்போது தகைவு இன்னும் கூடும். 

.303 தோட்டாவில் வேறொரு சிக்கலும் இருந்தது. அதன் வெடிமருந்தான கார்டைட் நூலிழை போன்ற நீண்ட குச்சிகளாக இருக்கும். நீலகிரியின் அருவங்காட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த தொழிற்சாலை இம்மருந்துக்காக நிறுவப்பட்டதே. அக்குச்சிக் கட்டு குறுகிய கழுத்து வழியே நுழையாது. எனவே உறை நேராக இருக்கும்போதே மருந்தை வைத்து, அதன் பிறகே கழுத்தைக் குறுக்கினார்கள். மருந்து உள்ளே இருக்கும் உறையைக் காய்ச்ச முடியுமா? கழுத்தின் கடைசித் தகைவைத் தீர்க்கும் வழி செய்முறையிலேயே அடைபட்டிருந்தது.

3. லாயத்தின் காற்று

இப்போது மழைக்காலத்துக்கு வருவோம். குதிரையின் சிறுநீரில் யூரியா உண்டு. நுண்ணுயிர்கள் யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை வெளியிடும். லாயத்துக்குள் நுழைந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி அதுதான். வெயில் காலத்தில் காற்றோட்டத்தில் கலைந்துவிடும் அது, கதவடைத்த ஈரமான மழை மாதங்களில் தேங்கி நிற்கும். பித்தளையின் மேற்பரப்பில் படியும் மெல்லிய நீர்ப்படலத்தில் கரைந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு செம்பைத் தாக்கும். செம்பும் அம்மோனியாவும் சேர்ந்து கரைசலில் ஆழ்ந்த நீல நிறம் தருவதைப் பள்ளி ஆய்வகத்தில் பலர் கண்டிருப்பீர்கள்.

இத்தாக்குதலில் உலோகம் முழுவதும் கரைவதில்லை. கரைந்திருந்தால் உறை கறுத்து மெலிந்திருக்கும், எவரும் வியந்திருக்க மாட்டார்கள். பித்தளை நுண்ணிய படிகத் துகள்களால் ஆனது. அத்துகள்களின் எல்லைக்கோடுகளில் அரிப்பு நுழைகிறது. உள்ளிருக்கும் தகைவு அந்நுழைவைத் திறந்து பிடிக்கிறது. திறந்த இடத்தில் அரிப்பு மேலும் செல்கிறது. தகைவு இல்லாத பித்தளை அதே லாயத்தில் இருந்தால் நிறம் மங்கும், பிளக்காது. அம்மோனியா போன்ற ஊடகம் இல்லாத உலர்ந்த அறையில் தகைவுள்ள பித்தளை நெடுங்காலம் முழுதாக இருக்கும். இரண்டும் ஓரிடத்தில் சேர வேண்டும்.

இது விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. 1914இல் ஜெர்மானிய அறிஞர் எமில் ஹைன், லண்டன் உலோகவியல் கழகத்தில் ஆற்றிய உரையில், குளிர்நிலையில் வடித்த உலோகங்களுக்குள் தங்கும் விசைகளை விரிவாக எடுத்துரைத்தார். அக்காலத்திலேயே நியூயார்க் நகருக்குக் குடிநீர் கொண்டுவரும் கேட்ஸ்கில் நீர்க்கால்வாய்ப் பணியில் பித்தளை, வெண்கலக் கலவைகளாலான போல்ட்டுகள் பிளந்தன. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தின் மெரிக்கா, உட்வர்டு ஆகியோர் அவற்றை ஆராய்ந்தனர். நியூயார்க்கில் தென்மேற்குப் பருவமழை இல்லை. அந்தப் போல்ட்டுகளைக் குதிரை லாயத்திலும் எவரும் வைக்கவில்லை.

இறுதியாக 1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு, எஞ்சிய தகைவும் அம்மோனியாவும் சேர்ந்ததே காரணம் என்று நிறுவியது. தீர்வும் உடன் தெளிவாயிற்று. உறையின் விறைப்பு குறையாதபடி, ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் அளவில் மிதமாகச் சூடாக்கினாலே தகைவின் பெரும்பகுதி தணிந்துவிடும். தகைவு எஞ்சியுள்ளதா என்று காண மெர்குரஸ் நைட்ரேட் கரைசலில் உறையை அமிழ்த்திப் பார்க்கும் சோதனையும் வழக்கில் இருந்தது. தகைவுள்ள உறை அக்கரைசலில் சிறிது நேரத்திலேயே பிளந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

4. பெயர் யாரைச் சுட்டியது?

ஆங்கிலத்தின் ‘சீசன்’ இலத்தீனில் விதைப்பைக் குறித்த சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. விதைப்புக்குரிய காலம், பின்னர் எல்லாப் பருவமும் என்று பொருள் விரிந்தது. ‘மான்சூன்’ வேறு வழியில் வந்தது. அரபியின் ‘மவ்சிம்’, அதாவது பருவம், போர்த்துகீசியர் வாயில் திரிந்து ஆங்கிலத்தை அடைந்தது. இந்தி, உருதுவில் ‘மவுசம்’ என்பதும் அவ்வரபிச் சொல்லே. தமிழில் பருவமழை, பருவக்காற்று என்கிறோம். ஆக, இந்தியப் பின்னணியில் ‘சீசன்’ என்றால் மழை என்று கேட்பது இயல்பு.

ஆனால் ஆங்கிலத்தில் ‘சீசன்’ வினைச்சொல்லும்கூட. வெட்டிய மரத்தைக் காயவைத்துப் பதப்படுத்துவதை அச்சொல் குறிக்கும். காயும் மரத்தில் விழும் வெடிப்போடு ஒப்பிட்டே பித்தளைப் பிளவுக்கு இப்பெயர் வந்தது என்பாரும் உளர். இவ்விரு விளக்கங்களில் எது சரி என்ற வழக்கைவிட, அவை எவ்வாறு வேறுபடுகின்றன என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. மரம் ஏன் வெடிக்கிறது? வெளிப்புறம் முந்திக் காய்ந்து சுருங்க, உட்புறம் ஈரத்தோடு நிற்க, இரண்டுக்கும் இடையே இழுவிசை உண்டாவதால். அதாவது மரத்தோடு ஒப்பிட்டவர் பொருளின் உள்ளே பார்த்தார். மழையோடு இணைத்தவர் பொருளின் வெளியே பார்த்தார். 1921இல் மூவர் கண்டது இவ்விரண்டின் கூட்டு. ஆயினும் பாடநூல்களில் நிலைபெற்றது மழை விளக்கமே.

அது ஏன் நிலைபெற்றது? இந்தியாவின் வெயிலும் மழையும் எல்லாக் கோளாறுகளுக்கும் ஆயத்த விடையாக இருந்த காலம் அது. மனிதர் நோயுற்றாலும், கருவி பழுதானாலும், கணக்குப் பொய்த்தாலும் தட்பவெப்பம் முதல் குற்றவாளி. ‘மலேரியா’ என்ற பெயரே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று. 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் நோய்க் கிருமியைக் கண்ட பின்னும், பெயர் காற்றையே குற்றம் சாட்டிக்கொண்டிருக்கிறது. ‘சீசன் கிராக்கிங்’ அதன் உலோகவியல் உடன்பிறப்பு.

இரண்டுக்கும் வேறுபாடும் உண்டு. மலேரியாவில் காற்று குற்றமற்றது. இங்கே மழைக்காலத்துக்கும் லாயத்துக்கும் உண்மையிலேயே பங்கு இருக்கிறது. அதனால்தான் இந்தப் பெயர் இன்னும் நுட்பமாகத் திசைதிருப்புகிறது. பாதி உண்மையைச் சொல்லி மறுபாதியை மறைக்கிறது. மறைந்த பாதி தொழிற்சாலையில் இருந்தது. தகைவோடு உறையை வடித்தது மழையன்று. கழுத்தைக் கடைசியில் குறுக்குவது என்று செய்முறையை வகுத்தது குதிரையன்று. பிளவு இந்தியாவில் கண்ணுக்குத் தெரிந்தது. அதன் விதை பித்தளை வடிக்கப்பட்ட அன்றே உள்ளே இருந்தது. கேட்ஸ்கில் போல்ட்டுகள் உணர்த்துவதும் இதுவே.

மறைந்தவர்களில் மனிதரும் உண்டு. பாடநூல்கள் சொல்லும் கதையில் மழை வருகிறது, குதிரை வருகிறது, அதன் சிறுநீர்கூட வருகிறது. மழை முடிந்து பெட்டிகளைத் திறந்து, துடைத்து, வெடித்தவற்றைப் பொறுக்கித் தனியே வைத்த கை எவருடையது? ஆயுதக் கிடங்குகளில் அவ்வேலையைச் செய்தவர்கள் கலாசிகளும் லஸ்கர்களும். 1857இல் ஒரு கலாசியின் பேச்சு ஆவணத்தில் ஏறியது. அதிகாரத்தை அது அச்சுறுத்தியதுதான் காரணம். உலோகத்தில் பிளவைக் கண்ட கலாசியின் கண் எவரையும் அச்சுறுத்தவில்லை. ஆகவே கதையில் அவருக்கு இடமில்லை.

5. இன்று அந்த அறிவு எங்கே வாழ்கிறது?

அமெரிக்கா முதலிய நாடுகளில் இலக்குச் சுடுதலில் ஈடுபடுவோர், சுட்ட தோட்டாவின் உறையைத் தாமே மறுபடி ஆயத்தம் செய்துகொள்ளும் வழக்கம் பரவலாக உண்டு. வெடிமருந்தும் குண்டும் ஒருமுறைதான். பித்தளை உறை பலமுறை. உறையைத் துப்புரவு செய்து, விரிசல் உண்டா என்று கழுத்தையும் அடிப்பகுதிக்குச் சற்று மேலுள்ள இடத்தையும் சோதித்து, பழைய எரியூட்டியைத் தள்ளி, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொணர்ந்து, நீண்டுவிட்ட வாயைச் சீவிச் சமன்செய்வார்கள். சுடும்போது விரிந்து, அச்சில் சுருங்கி, மறுபடி விரிந்து, ஒவ்வொரு சுற்றிலும் கழுத்து விறைக்கிறது. எனவே சில சுற்றுகளுக்கு ஒருமுறை கழுத்தை மட்டும் காய்ச்சி இளக்குவார்கள். அடிப்பகுதியில் சூடு ஏறவே கூடாது. அது இளகினால் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்காது, சுடுபவரின் முகத்துக்கே ஆபத்து.

இவர்களிடையே ஓர் எச்சரிக்கை தொடர்ந்து சொல்லப்படுகிறது: அம்மோனியா கலந்த மெருகுத் திரவத்தால் உறையைத் தேய்க்காதே. அந்த ஒரு வரியில் மழைக்கால லாயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அமெரிக்க ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் காணும் நீலமும் பழுப்பும் கலந்த கறை, காய்ச்சி இளக்கியதற்கான அடையாளம். தணிக்கை செய்வோர் காணும்படி அதனைத் துடைக்காமல் விடுகிறார்கள். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், தோட்டாவின் பாகங்களையும் தோட்டா செய்யும் எந்திரங்களையும் தோட்டா என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஆகவே இங்கு இவ்வறிவு பெரும்பாலும் அரசுத் தொழிற்சாலைகளிலும் பாடநூல்களிலும் தங்கியிருக்கிறது.

6. தமிழில் என்ன பெயர் சொல்வது?

கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடும் நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் இக்கேள்வியோடு முடிக்கிறேன். ‘சீசன் கிராக்கிங்’ என்பதைப் ‘பருவப் பிளவு’ என்று பெயர்ப்பது எளிது. சொல்லழகும் உண்டு. ஆனால் அவ்வாறு பெயர்த்தால், ஒரு காலனியக் கிடங்கின் அவசரத் தீர்ப்பை நம் மொழியில் நாமே மீண்டும் எழுதுகிறோம். நம் பருவத்தின் மீது நாமே பழி போட்டதாகும். ஆங்கிலத்திலேயே இன்று பொதுப்பெயராக வழங்குவது தகைவையும் அரிமானத்தையும் ஒருங்கே சொல்லும் தொடர். தமிழில் ‘தகைவு அரிமானப் பிளவு’ என்பது அதற்கு நிகர். அது நீளமானது, கதையற்றது. இருப்பினும் காரணம் இரண்டையும் மறைக்காமல் சொல்கிறது. ஆய்வகத்துக்கு அப்பெயரே உரியது.

‘சீசன்’ என்ற பழைய பெயரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ‘காட்ரிட்ஜ்’ தன்னுள் காகிதத்தை வைத்திருப்பது போல, அதுவும் ஒரு மழைக்காலத்தை வைத்திருக்கிறது. வரலாற்று வகுப்பில் அதனைத் திறந்து காட்டலாம். அப்போது லாயத்தின் நெடியையும் தொழிற்சாலை அச்சின் அழுத்தத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிளந்த உறையை முதலில் கையில் எடுத்துப் பார்த்த, பெயர் எழுதப்படாத அந்தத் தொழிலாளியையும்.